சோதனைப் பதிப்பைப் பகிருங்கள், மூல நிரலோடு சேர்த்து

சாம்சங் கேலக்ஸி எஸ்3 கைபேசி 2012-இல் ஆண்ட்ராய்டு 4.0-உடன் வந்தது. உலகச் சந்தைக்கான மாடலை 4.3-உடன் நிறுவனம் கைவிட்டது. ஆனாலும் அதே கைபேசியில் பின்னாளில் ஆண்ட்ராய்டு 7.1 ஓடியது. ஓடவைத்தவர்கள் லினேஜ்ஓஎஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை வளர்க்கும் தன்னார்வலர்கள்.

இத்தகைய முயற்சிகள் பெரும்பாலும் ஓர் அதிகாரபூர்வமற்ற சோதனை பில்டில்தான் தொடங்குகின்றன. ஒருவர் மூல நிரலை இறக்கித் தன்னிடமுள்ள மாடலுக்கு ஏற்பத் திருத்துகிறார். மணிக்கணக்கில் கம்பைல் செய்து கிடைத்த ஜிப் கோப்பை, கேமரா ஓடவில்லை, புளூடூத் அடிக்கடி துண்டிக்கப்படுகிறது என்ற குறிப்போடு நாலு பேருக்குத் தருகிறார். அவர்கள் பிழைகளைச் சொல்ல, அடுத்த பில்டு பிறக்கிறது. லினேஜ்ஓஎஸ் நிரலைத் திட்டத்துக்கு வெளியே யார் கம்பைல் செய்தாலும், கோப்பின் பெயரில் 'அன்அஃபிஷியல்' என்ற சொல் தானாகவே சேர்ந்துவிடும். நேர்மையான ஏற்பாடு. இந்தப் பகிர்வு நின்றுபோனால், நிறுவனங்கள் கைவிட்ட கைபேசிகள் குப்பைக்குத்தான் போகும்.

எனவே பகிர்வது தவறில்லை. எதைப் பகிர்கிறோம், எதை மறைக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இது ஆரம்பத்திலிருந்தே இருக்கும் கேள்வி. ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட், லினேஜ்ஓஎஸ்ஸின் முன்னோடி. 2009 செப்டம்பரில் கூகுள் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் திறந்தது. ஆனால் அதோடு சேர்த்துத் தரப்பட்ட ஜிமெயில், மேப்ஸ் போன்ற செயலிகள் கூகுளின் மூடிய சொத்து. அவற்றை நீக்கிவிட்டுத் திட்டம் தொடர்ந்தது. திறந்த நிரலைப் பகிரும் உரிமை, அதனருகே இருக்கும் எல்லாவற்றையும் பகிரும் உரிமையாகிவிடாது என்பது அன்றே தெளிவானது.

எதிர்த்திசையிலும் கடமை உண்டு. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ் கெர்னல். அதன் ஜிபிஎல் உரிமம், கம்பைல் செய்த கோப்பைத் தருபவர் அதற்குரிய மூல நிரலையும் தர வேண்டும் என்கிறது. பேட்டரி நீடிக்கும், கேம் வேகமாக ஓடும் என்று விளம்பரப்படுத்தி, திருத்திய கெர்னலின் நிரலை மட்டும் தராமல் சுற்றும் பில்டுகள் உண்டு. அவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்று அழைப்பது, நிரலைப் பகிர்ந்து வளர்ந்த உழைப்பு மரபுக்கே அவமதிப்பு.

இதைவிடக் கவலை தருவது கையொப்பச் சாவி. ஆண்ட்ராய்டின் மூல நிரலோடு 'டெஸ்ட் கீ' எனப்படும் மாதிரிச் சாவிகளும் வருகின்றன. உலகில் யாரும் அவற்றை எடுக்கலாம். அவற்றாலேயே ஒரு பில்டில் கையொப்பமிட்டுப் பகிர்ந்தால் விபரீதம். அதே சாவியால் கையொப்பமிட்ட தீய செயலி ஒன்றை, இயங்குதளம் தன் சொந்த உறுப்பாகவே நம்பி உயர் அனுமதிகளைக் கொடுக்க முடியும். அந்தக் கைபேசியில் யுபிஐ செயலியும் வங்கிக் குறுஞ்செய்தியும் இருந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. பில்டைத் தந்தவர் நல்லவராகவே இருந்தாலும் இந்தக் கதவு திறந்தே கிடக்கும்.

மூல நிரல் கண்ணெதிரே இருப்பதால் கோப்பும் சுத்தம் என்று நினைப்பவர்கள் 2024 மார்ச்சை நினைத்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு ஒன்று புதைந்திருந்தது. அதை முடுக்கிவிடும் துணுக்கு, எல்லோரும் பார்க்கும் நிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. டெபியன் லினக்ஸின் இன்னும் நிலைப்படாத 'அன்ஸ்டேபிள்' பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்த மென்பொருளாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தொலைக் கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைவு சுமார் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால்தான் அது அகப்பட்டது. சோதனைப் பதிப்புகள் ஏன் வேண்டும் என்பதற்கும், நிரலுக்கும் கோப்புக்கும் உள்ள இடைவெளியை ஏன் நம்பக் கூடாது என்பதற்கும் இந்த ஒரு சம்பவமே சாட்சி. டெபியன் போன்ற திட்டங்கள், ஒரே நிரலை எவர் கம்பைல் செய்தாலும் பைட் மாறாத அதே கோப்பு கிடைக்கும்படி பல ஆண்டுகளாக உழைத்துவருவது இதற்காகத்தான்.

தனியாளாக பில்டு செய்யும் மாணவரிடம் அந்த அளவுக்கு எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனால் கெர்னல் உட்பட, தான் திருத்திய நிரல் அனைத்தையும் வெளியிடுவது, வேலை செய்யாதவற்றை ஒளிக்காமல் எழுதுவது, கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் ஷா256 எண்ணைத் தருவது ஆகியவை அவர் கைக்குள் உள்ளவை. சோதிப்பவரும் அன்றாடக் கைபேசியை விட்டு, பணப் பரிமாற்றம் இல்லாத பழைய கைபேசி ஒன்றில் முயல வேண்டும். பூட்லோடரைத் திறக்கும்போது பெரும்பாலான மாடல்களில் உள்ளிருக்கும் தரவெல்லாம் அழிந்துவிடும் என்பதால் நகல் எடுத்துவைப்பதும் அவர் பொறுப்பு.

மாதிரிச் சாவிக்குப் பதிலாகச் சொந்தச் சாவி உருவாக்குவதற்கான கட்டளைகளை லினேஜ்ஓஎஸ் தன் வழிகாட்டியிலேயே தந்திருக்கிறது. அதை முதல் பில்டிலேயே செய்துவிட வேண்டும். நூறு பேர் நிறுவிய பிறகு சாவியை மாற்றினால், அவர்களில் பலர் கைபேசியை முழுக்க அழித்துவிட்டு மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும்.