ரோடு யார் காசு?



துடியலூர் சந்திப்பில், கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சொசைட்டிக்குப் போன பால்காரரை ஒரு கார்க்காரர் மறித்து, "டேக்ஸ் கட்டறது நாங்க, ரோட்டை அடைச்சுட்டுப் போறது நீங்களா?" என்று கேட்டிருக்கிறார். கார்க்காரர் மேல் நமக்குக் கோபமில்லை. ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமல்லவா?

சைக்கிளுக்கும் மாட்டு வண்டிக்கும் வருஷ வரி கட்டி, தகட்டு வில்லை வாங்கி மாட்டிய காலம் நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது போகட்டும். இன்று கார்க்காரர் கட்டும் வாழ்நாள் வரியை ரோட்டுக்கென்று தனி உண்டியலில் போட்டு வைப்பதில்லை. அது அரசின் பொதுக் கஜானாவுக்குப் போகிறது. பால்காரர் சோப்புக்கும் சைக்கிள் டயருக்கும் கட்டிய வரியும் கஜானாவுக்குத்தானுங்க போகுது!

சரி, ரோட்டைத் தேய்ப்பது யார்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை இதற்கென்றே ரோடு போட்டு, லாரிகளை விடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். அச்சில் ஏறும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு என்று தெரிந்தது. ஆளோடு சேர்த்து 100 கிலோ வரும் சைக்கிளில் ஒரு சக்கரத்துக்கு 50 கிலோ. லாரியின் பின் அச்சுக்கு 10 டன். பாரம் 200 மடங்கு. அந்தக் கணக்குப்படி சேதம் 160 கோடி மடங்கு! பால்காரர் எத்தனை ஜென்மம் எடுத்து மிதித்தாலும் ஒரு லாரி ஒரு தடவை போன தேய்மானம் வராது.

இது தெரிந்தும் 2018இல் மத்திய அரசு, நான்கு டயர் அச்சின் பார வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் கூடியது எட்டில் ஒரு பங்கு. சேதமோ ஒன்றரை மடங்குக்கு மேல். அந்தச் செலவு யார் தலையில்? தடாகம் பள்ளத்தாக்குச் செங்கல் சூளைகளை 2021இல் மூடும் வரை, செம்மண் லாரி ஓடிய ஊர்ச் சாலைகளின் கதி நாம் பார்க்காததா? (நம்மவர்களும் டிரெய்லரில் ஓவர்லோடு அடிப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.)

டோல்கேட்டில் டிராக்டருக்குக் கட்டணமில்லை என்கிறது 2008ஆம் ஆண்டு விதி. பெரிய சலுகை என்கிறார்கள். ஆனால் காசை டீசலிலேயே பிடித்துவிடுகிறார்களே! 2018 பட்ஜெட்டில் சாலை, உள்கட்டமைப்பு செஸ் என்று லிட்டருக்கு 8 ரூபாய் போட்டார்கள். 2020 மே மாதம் அது 18 ரூபாயானது. 2021இலும் 2022இலும் குறைத்தார்களே தவிர, நீக்கவில்லை. ஏனுங்க, காட்டுக்குள் உழவு ஓட்டும் டிராக்டர் எந்த ரோட்டில் ஓடுகிறது? பவர் டில்லரும் ஆயில் என்ஜினும் எந்த ரோட்டைத் தேய்த்தன? சொந்த டிராக்டர் இல்லாதவர் மணி வாடகையில் இதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

இதற்கும் மேலே நிலம். மைல்கல்லில் தொடங்கி நரசிம்மநாயக்கன்பாளையம் வரை 32 கிலோமீட்டர் மேற்குப் புறவழிச்சாலைக்கு விவசாயியின் நிலம்தான் எடுக்கப்படுகிறது. இதை எந்த வரிக் கணக்கில் எழுதுவார்கள்?

காட்டில் எரியும் டீசலுக்குச் சாலை செஸ்ஸைத் திருப்பிக் கொடு! பாரத்துக்கு ஏற்ற வரியைக் கனரக வண்டியிடம் வாங்கு! மேட்டுப்பாளையம் ரோட்டில் சைக்கிளுக்கு ஓரம் விடு! இதுதான் நம் கோரிக்கை.

1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில், கரண்டு கட்டணத்துக்காக மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவையையே திணற வைத்தவர்கள் நம் அப்பாக்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். அவரவர் டீசல் பில்லை மறக்காமல் எடுத்து வாங்க. சைக்கிள் இருப்பவர்கள் சைக்கிளிலேயே வாங்க.