பெட்டியில அம்மாவுக்கு என்ன வெச்சீங்க?

டிசம்பர் நெருங்கினாலே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். துபாயிலிருந்து சித்தப்பா பையன், சிங்கப்பூரிலிருந்து கூடப் படிச்சவன், நியூஜெர்சியிலிருந்து தங்கமணி வழியில் ஒரு சொந்தம். "நீ அந்தமான்லதான இருக்கே, நாங்க குடும்பத்தோட வர்றோம். என்ன டிரஸ் எடுத்துட்டு வரணும்?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது மக்களே. அதனால பதிவாவே போட்டுடறேன். கொஞ்சம் கோபமாத்தான் இருக்கும், முன்னாடியே சொல்லிட்டேன்.

முதல்ல ஊர் நிலவரம். நான் இருப்பது சாத்தம். போர்ட் பிளேரை ஒட்டி, ஒரு பாலத்தால் இணைந்த குட்டித் தீவு. (போர்ட் பிளேருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஹாவ்லாக் 2018-லேயே ஸ்வராஜ் தீவு ஆயிடுச்சு, நீல் ஷாஹீத் தீவு ஆயிடுச்சு. வாய்க்கு இன்னும் பழைய பேர்தான் வருது, மன்னிக்கவும்.) இங்கே வருஷத்துக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை, அதாவது சென்னையைப் போல ரெண்டு மடங்கு. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் இருந்துகிட்டே இருக்கும். ஜீன்ஸ் நனைஞ்சா ரெண்டு நாளானாலும் காயாது, மூணாம் நாள் ஒரு வாடை வரும் பாருங்க! எங்க பக்கத்துல 1883-லிருந்து இருக்கும் மர மில்லில், மரத்தைப் பதப்படுத்திக் காயவைப்பதே ஒரு தனி வேலை. உங்க ஜீன்ஸ் எம்மாத்திரம்?

ஆக, ஜீன்ஸ் வேண்டாம். பருத்தியில் லேசா நாலஞ்சு செட், ஒரு மழைக்கோட்டு, குதிகாலில் பட்டை வைத்த செருப்பு. சாயங்காலம் கடற்கரையில் போட்டோ எடுக்கன்னு ஜிகினா கவுனெல்லாம் தூக்கிட்டு வராதீங்க. நம்ம கடிகாரம் இந்திய நேரம், சூரியன் அதைவிட முக்கால் மணி நேரம் முன்னால் ஓடும். டிசம்பரில் அஞ்சு மணி வாக்கிலேயே மறைஞ்சிடும். அதுக்கப்புறம் கடலில் இறங்கக் கூடாது. உப்புநீர் முதலை இருக்கும் ஊர் இது. 2010-ல் ராதாநகர் பக்கத்திலேயே ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை அடிச்சிருக்கு. எச்சரிக்கைப் பலகை இருந்தா படிங்க, அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்காதீங்க.

சரி, இதெல்லாம் எந்த டிராவல்ஸ்காரரும் சொல்வார். நான் எழுத வந்தது வேற.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ குடும்பங்களை ஹாவ்லாக் படகில் ஏத்தி விட்டிருக்கேன், பாதிப் பேரோட கூடவே போயிருக்கேன். அவங்க பெட்டிகளையும் பார்த்திருக்கேன். அப்பாவுக்கு முட்டி வரை அரைக்கால் சட்டை, நீச்சலுக்குத் தனி டிரவுசர். பையனுக்கு நீச்சல் உடை, கண்ணாடி, ரப்பர் வாத்து. சின்னப் பொண்ணுக்கு ஒரு கலர் கவுன், தொப்பி. அம்மாவுக்கு? எட்டுப் புடவை. இல்லேன்னா எட்டு சுடிதார், அதுக்கு மேட்சா எட்டு துப்பட்டா, தனி டப்பாவில் சேப்டி பின். எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பட்டு.

அப்புறம் கடற்கரையில் நடப்பதை நீங்களே பார்த்திருப்பீங்க. மெரினா, கோவளம், பாலி, எங்கே போனாலும் இதே படம்தான். அப்பாவும் பையனும் தண்ணியில். பொண்ணு கரையோரம் கணுக்கால் நனைய, "உள்ள போகாத"ன்னு அதட்டல் வாங்கிட்டு நிற்கும். அம்மா மணலில் துண்டு விரிச்சு உட்கார்ந்து நாலு ஜோடி செருப்பு, மூணு செல்போன், ஒரு பர்ஸ் எல்லாத்துக்கும் காவல். கேட்டா, "நீங்க போயிட்டு வாங்க தம்பி, நான் பையப் பாத்துக்கறேன்."

நான் பி.காம். படிச்சு பேங்கில் பேனா தேய்க்கிறவன், எனக்குக் கணக்கு இப்படித்தான் ஓடும். விமான டிக்கெட் நாலு பேருக்கு, படகு நாலு பேருக்கு, ரூம் நாலு பேருக்கு. கடலில் குளிக்கிறது ரெண்டு பேர். பாதி முதலீடு வாராக்கடன்! இதையே ஒரு கிளையில் செஞ்சா தணிக்கைக்காரர் பிச்சு எடுத்துடுவார். வீட்டில் செஞ்சா அதுக்குப் பேர் பண்பாடு.

"அவளுக்கே இஷ்டமில்லைப்பா" என்பார்கள். எங்க பெரியப்பா பையன், நம்ம அண்ணாச்சி, இதையேதான் சொன்னார். அவர் சம்சாரத்துக்கு, அதாவது எங்க மதினிக்கு, தாமிரபரணிக் கரையில் ஊர். படகில் வரும்போது பேச்சுவாக்கில் சொன்னாங்க, பதிமூணு வயசு வரை பாவாடையைத் தார் பாய்ச்சிக் கட்டிக்கிட்டு கிணத்து மேட்டிலிருந்து குதிப்பாங்களாம். அக்கரைக்கு நீந்திப் போய் மாங்காய் பறிச்சிட்டு வருவாங்களாம். பெரியவளானதும் நிறுத்தியாச்சு. அண்ணாச்சிக்கு நீச்சலே தெரியாது! தெரியாதவர் கழுத்தளவு தண்ணியில் ஆட்டம் போடறார், தெரிஞ்சவங்க கரையில் செருப்புக்குக் காவல். முப்பத்தஞ்சு வருஷமா இஷ்டமில்லையா, இல்ல முப்பத்தஞ்சு வருஷமா யாரும் கேட்கலையா?

புடவையோடவே இறங்கினா என்னன்னு சிலர் கேட்கறாங்க. இறங்கறாங்க, நானும் பார்க்கிறேன், பயமா இருக்கு. புடவை அஞ்சரை மீட்டர் துணி, உள்ளே பாவாடை வேற. தண்ணிக்குள்ளே துணியின் எடை பெரிசா தெரியாது, ஆனா அலை இழுக்கும்போது அது காலைச் சுத்திக்கும், பாவாடை குடை மாதிரி விரியும், காலை உதைச்சு நீந்தவே முடியாது. விழுந்தவங்க எழுந்திருக்கப் பார்த்தா, குடிச்ச தண்ணி மொத்தமும் துணியில் தொங்கும். துப்பட்டா கழுத்தைச் சுத்திக்கும். அதுக்கு மேல, ஈரத்தில் உடம்போடு ஒட்டின மெல்லிய பருத்தி எதை மறைக்குதுன்னு மறைக்கச் சொல்றவங்கதான் சொல்லணும்.

நிறைய ரிசார்ட் நீச்சல் குளங்களில் நீச்சல் உடை இல்லாம இறங்க விடமாட்டாங்க, பருத்தி கூடாதுன்னு போர்டே இருக்கும். ஸ்கூபா கடையில் அவங்களே ரப்பர் சூட் தருவாங்க, ஆனா உள்ளே உடம்பை ஒட்டின மாதிரி ஏதாவது போட்டிருக்கணும். ஹாவ்லாக்கில் நீச்சல் தெரியாதவங்களையும் பயிற்சியாளர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பவளப்பாறை காட்டறார். அதைப் பார்க்க உங்க வீட்டு அம்மாவுக்குக் குறுக்கே நிற்பது பயமோ வயசோ இல்லை, பெட்டியில் ஒரு ஜோடி துணி இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெட்டியை அடுக்கினது பெரும்பாலும் அவங்களேதான் என்பதுதான் எனக்கு ரொம்ப எரிச்சல். வீட்டில் எல்லாருக்கும் யோசிச்சு வெச்சவங்க, தனக்குன்னு வரும்போது கடல் இருக்கிறதையே மறந்துடறாங்க.

இப்போ பின்னூட்டத்தில் வரப் போகும் ஆளுக்கு முன்கூட்டியே பதில். "நம்ம பொம்பளைங்களை பிகினி போடச் சொல்றியா?" அண்ணே, நான் யாரையும் எதையும் போடச் சொல்லலை. போடறவங்க போடட்டும், அது அவங்க பாடு. நான் சொல்றது முழுக்கை மேல்சட்டை, கணுக்கால் வரை கால்சட்டை, நீச்சலுக்குன்னே நைலான் லைக்ராவில் தைக்கிறாங்க. ரேஷ் கார்டு என்று கேட்டா கடையில் கொடுப்பாங்க. உங்க துப்பட்டாவை விட நல்லாவே மூடும். இதில் இன்னொரு லாபம், வெயில் முதுகை உரிக்காது. சன்ஸ்கிரீனை வாளி வாளியா பூசிக்கிட்டு பவளப்பாறை மேல் மிதக்கவும் வேண்டாம். பாறைக்குக் கெடுதல் என்று சில ரசாயனங்கள் கலந்த கிரீம்களை பலாவ் நாட்டில் 2020-லிருந்து தடையே செஞ்சுட்டாங்க.

தலையும் மூடணுமா? அதுக்கும் இருக்கு. ஆஸ்திரேலியாவில் அஹேதா ஸனெட்டி என்ற லெபனானில் பிறந்த பெண்மணி 2004 வாக்கில் புர்க்கினி தைச்சாங்க. இஸ்லாமியப் பெண்கள் நிம்மதியாக் கடலில் இறங்க முடிஞ்சது. 2016-ல் பிரான்சில் கான், நீஸ் மாதிரி ஊர்களில் மேயர்கள் அதுக்குத் தடை போட்டாங்க, அதே ஆகஸ்டில் அந்த நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒரு ஊரின் தடையை நிறுத்தி வெச்சது. அங்கே மூடினா குத்தம், இங்கே திறந்தா குத்தம். 1859 வரைக்கும் தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை போடவே போராட வேண்டியிருந்தது, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது தாத்தா பாட்டி கதை. அன்னிக்கு மூடாதேன்னு சொன்னவங்களும் அதைப் பண்பாடுன்னுதான் சொன்னாங்க.

தமிழச்சிக்குக் கடல் புதுசா என்ன? ராமநாதபுரம் பக்கம் மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பாருங்க. நடுத்தர வயசு, அதுக்கும் மேல. மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பாசி பிடுங்கி, இடுப்பில் கட்டின வலைப்பையில் போடறாங்க. புடவையை இறுக்கித் தார் பாய்ச்சிக் கட்டி, மேலே ஆம்பளைச் சட்டையோ டிஷர்ட்டோ. கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காம இருக்க விரல் விரலா துணி சுத்திக்கிறாங்க. எது தண்ணிக்கு ஆகும், எது ஆகாதுன்னு அவங்களுக்கு எந்த ஃபேஷன் பத்திரிகையும் சொல்லித் தரலை. அவங்களைப் போய் யாராவது "கௌரவம் போச்சு"ன்னு சொல்லிப் பாருங்களேன் :-)

ஆனா உண்மையிலேயே ஒரு பயம் நியாயம். செல்போனில் படம் பிடிக்கிற கும்பல். அதுங்க ராதாநகரிலும் உண்டு, கோர்பின் கோவிலும் உண்டு. அதுக்காக நம்ம வீட்டுப் பொம்பளைங்களைக் கரையில் உட்கார வைப்பது, திருடன் வருவான்னு பேங்கை மூடி வைக்கிற கதை. ஆம்பளைங்க ரெண்டு பேர் மாத்தி மாத்திக் கரையில் இருங்க, எவன் போன் நீட்டினாலும் போய் நேரா கேளுங்க. செருப்புக் காவலையும் அப்படியே பங்கு போட்டுக்கலாம்.

சிரிச்சது போதும், இதைக் கொஞ்சம் கவனமாப் படிங்க. 2004 டிசம்பர் 26 இந்தத் தீவில் யாருக்கும் மறக்காது. சுனாமிக்கு மூணு மாசம் கழிச்சு ஆக்ஸ்ஃபாம் ஒரு அறிக்கை வெளியிட்டது. நம்ம கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள், ஆண்களைப் போல கிட்டத்தட்ட மூணு மடங்கு. காரணம் பல. ஆண்கள் நிறையப் பேர் ஆழ்கடலில் இருந்தாங்க, அங்கே அலை தெரியலை. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தாங்க. அந்த அறிக்கை இலங்கையைப் பற்றிச் சொல்லும் ஒரு காரணம் எனக்கு இன்னும் குத்துது: நீந்தவும் மரம் ஏறவும் அங்கே பெரும்பாலும் பையன்களுக்குத்தான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. நீச்சல் தெரிஞ்சவங்க எல்லாரும் அந்த அலையில் பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரலை. ஆனா கணுக்கால் தண்ணியிலேயே நிறுத்தி வெச்ச பொண்ணுக்கு, தண்ணி தேடி வரும்போது என்ன தெரியும்?

அந்தக் கலர் கவுன் போட்ட சின்னப் பொண்ணைத்தான் சொல்றேன். அண்ணனுக்கு எட்டு வயசில் நீச்சல் வகுப்பு. இவளுக்குப் பரதநாட்டியம். ரெண்டும் இருக்கட்டுமே, யார் வேண்டாம்னா? அவள் என்ன செய்வாள் என்பதை அம்மாவைப் பார்த்துத்தான் கத்துக்குவாள். அம்மா இறங்கினா இறங்குவாள். அம்மா பத்து வருஷமா பர்ஸைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, பதிமூணு வயசில் இவளும் பக்கத்தில் ஒரு துண்டு விரிச்சிடுவாள்.

செலவைச் சொல்லாதீங்க. அந்த "எதுக்கும் இருக்கட்டும்" பட்டுப்புடவை விலையில் வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் நீச்சல் உடை வாங்கி மீதியில் மீன் சாப்பாடும் சாப்பிடலாம். எடையும் சொல்லாதீங்க, ஒரு சுடிதார் செட் இருக்கும் இடத்தில் இது ரெண்டு அடங்கும். விமானத்தில் பதினஞ்சு கிலோதான். ஒரு மணி நேரத்தில் காஞ்சும் போயிடும், ஜீன்ஸ் மாதிரி கூடவே நாறிக்கிட்டு வராது. ஊரிலேயே வாங்கிட்டு வாங்க, போட்டுப் பார்த்து வாங்குங்க, இங்கே வந்து அளவு தேடி அலையாதீங்க. அம்மாக்களே, உங்களுக்கு நீங்களே முதல்ல எடுத்து வைங்க, மத்தவங்க துணியெல்லாம் அதுக்கு மேல.

பி.கு. 1: பழைய இருபது ரூபாய் நோட்டு வீட்டில் இருந்தா பின்பக்கம் பாருங்க. அதில் தெரியும் தென்னை மரமும் கடலும் எங்க ஊர் நார்த் பே பக்கத்துக் காட்சி. நோட்டை எடுத்துட்டு வாங்க, நேரில் ஒப்பிட்டுப் பார்த்துக்கலாம்.

பி.கு. 2: கோயிலுக்குன்னு ஒரு செட் வேணும்தான். போர்ட் பிளேரில் நம்ம முருகன் இருக்கார், ஒரு வேட்டி, ஒரு சாதாப் புடவை போதும். தங்கமணி சார்பில் ஒரு அறிவிப்பு: வர்றவங்க அரை கிலோ சுண்டக்காய் வத்தல் எடுத்துட்டு வரவும், பெட்டியில் இடம் நான் பண்ணிக் கொடுத்தாச்சு.