பொதுப் பணத்தில் விளைந்த நுட்பம் பொதுவுடைமையாகட்டும்

2024 மே 9 அன்று நெல்லை மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ஒரு ராக்கெட் எஞ்சினை 665 வினாடிகள் இயக்கிச் சோதித்தது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்துக்கான அந்த எஞ்சின், வழக்கம்போல் கடைந்தும் பற்றவைத்தும் செய்யப்பட்டதல்ல. உலோகப் பொடியை லேசரால் உருக்கி, அடுக்கடுக்காக அச்சிட்டு எடுக்கப்பட்டது. 14 பாகங்கள் ஒன்றாயின. முன்பு 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ பொடி போதுமானதாயிற்று. உற்பத்தி நேரம் 60 சதவீதம் குறைந்தது. 19 பற்றவைப்பு இணைப்புகள் இல்லாமற்போயின.

பொதுத்துறை விஞ்ஞானிகளின் இச்சாதனை பாராட்டுக்குரியது. ஆனால் 19 இணைப்புகள் மறையும்போது அவற்றைப் பற்றவைத்த தொழிலாளியின் நிலை என்ன? பொதுப் பணத்தில் பிறந்த இந்த அறிவு யாருக்குச் சொந்தம்?

முப்பரிமாண அச்சு உற்பத்திக்கான தேசியச் செயல்திட்டத்தை ஒன்றிய அரசு 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. உலகச் சந்தையில் 5 சதவீதப் பங்கு, 50 உள்நாட்டுத் தொழில்நுட்பங்கள், 100 புதிய நிறுவனங்கள், ஒரு லட்சம் திறன்மிகு தொழிலாளர் என இலக்குகள் அறிவிக்கப்பட்டன. சந்தைப் பங்குக்கு விதித்த மூன்றாண்டுக் கெடு முடிந்துவிட்டது. எட்டியவை எவை, எட்டாதவை எவை என்ற கணக்கை அரசு நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும்.

இத்தொழில்நுட்பத்தின் வரலாறே ஒரு பாடம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அச்சிடும் முறை இருபதாண்டுகள் காப்புரிமைக்குள் அடைபட்டிருந்தது. 2009இல் அது காலாவதியான பின்னரே கருவிகளின் விலை சரிந்தது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் 2005இல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், கருவியின் வரைபடங்களை எவரும் பயன்படுத்தத் திறந்துவிட்டிருந்தது. வேலி அகன்றபோதுதான் கருவி பள்ளி மாணவனின் மேசைக்கு வந்தது.

நம் நாட்டிலோ ஆராய்ச்சிக்கான மொத்தச் செலவு, உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. இந்நிலையில் 2025 ஜூலையில் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சித் திட்டம், தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடன் வழங்குகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் இதற்கு நிகரான அக்கறை எங்கே?

அச்சிட்டு எடுத்த பாகம் அப்படியே பயனுக்கு வருவதில்லை. பொடி நீக்குதல், வெப்பப் பதப்படுத்தல், நுண்கடைசல், தரச்சோதனை ஆகிய அனைத்துக்கும் உலோகத்தை அறிந்த கைகள் வேண்டும். கடைசல்காரரும் பற்றவைப்பாளரும் இத்தொழிலுக்கு அயலாரல்லர். அவர்களே இதன் முதல் மாணவர்களாக வேண்டும். சம்பளத்துடன் கூடிய மறுபயிற்சி அவர்களது உரிமை. ஐ.டி.ஐ. மாணவர்க்குப் பிளாஸ்டிக்கில் பொம்மை அச்சிடக் கற்றுக்கொடுத்தால் போதாது. உலோக அச்சு எந்திரம் அவர்கள் கைக்கு எட்ட வேண்டும்.

கோவை, ராஜ்கோட், லூதியானா போன்ற சிறுதொழில் நகரங்களில் அடக்க விலையில் அச்சிட்டுத் தரும் பொது மையங்கள் தேவை. பொதுப் பணத்தில் உருவான கண்டுபிடிப்புகளை ஒரே நிறுவனத்தின் ஏகபோக உரிமமாக்கக் கூடாது. உலோகப் பொடியிலும் எந்திரத்திலும் தற்சார்பு காண மிதானி போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்கு நிதியும் பொறுப்பும் அளிக்கப்பட வேண்டும்.

எந்திரம் தொழிலாளிக்குப் பகையல்ல. அதை யார் உடைமையாக வைத்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. அக்கேள்வியைத் தொழிற்சங்கங்களும் மாணவர் இயக்கங்களும் இணைந்து எழுப்ப வேண்டும்.