விலக்கே விதியானால்

"விலக்குதான் விதியை உறுதி செய்கிறது" என்பார், புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார்.

நிலக்கரி மின்நிலையங்களின் கந்தகப் புகைக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. இரண்டாண்டு கெடு, பிறகு நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு. 2025 ஜூலையில், சுமார் 78 சதவீத அலகுகளுக்குக் கந்தகம் நீக்கும் கருவியே வேண்டாமென்று விலக்கு! பெருநகரம், மாசு மிகுந்த பகுதி இவற்றிலிருந்து 10 கி.மீ. தள்ளியிருந்து, புகைபோக்கி உயரமாக இருந்தால் போதுமாம்.

உயரமான புகைபோக்கி புகையைக் குறைக்காது ஐயா, தூரமாய் அனுப்பும். கந்தக வாயு காற்றிலே நுண்துகளாகி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும்.

காலமெல்லாம் கோப்பு எழுதியவன் சொல்கிறேன்: நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்குக் கொடுத்தால் அது விலக்கல்ல, ரத்து.

சிங்கப்பெருமாள் கோவில் மலையைச் சுற்றி மூச்சு வாங்க நடக்கிறோமே, நம் நுரையீரலுக்கு விலக்குத் தருவது யார்?