ஓட்டுநரும் சிறுநீர்க் குப்பியும்

1991 ஆகஸ்டில் நியூயார்க்கின் யூனியன் ஸ்கொயர் அருகே சுரங்க ரயில் தடம்புரண்டு 5 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் குடித்திருந்தார். இரண்டே மாதத்தில் அமெரிக்காவில் சட்டம் வந்தது: மத்திய அரசின் நிதி வாங்கும் பொதுப் போக்குவரத்து நிறுவனங்கள் ஓட்டுநர்களைத் திடீர் திடீரென்று சோதிக்க வேண்டும். நல்ல சட்டம்தான், சந்தேகமில்லை.

மதுவுக்கு மூச்சுச் சோதனை. அளவு 0.04-ஐத் தொட்டால் வண்டியைத் தொட முடியாது. அது அந்த நேரத்துப் போதையைக் காட்டுகிறது, சரி. கஞ்சா விஷயம் அப்படியா? சிறுநீரில் அதன் தடயம் பல நாள் தங்கும். சனிக்கிழமை வீட்டில் புகைத்தவர் புதன்கிழமை முழுத் தெளிவோடு ஸ்டியரிங் பிடித்தாலும் மாட்டிக்கொள்ளலாம். 2021 முதல் நியூயார்க் மாநிலத்தில் 21 வயதானவர்களுக்கு அது குற்றமே இல்லை. மத்திய விதியோ அசையவில்லை. பிழைப்பு போவது ஓட்டுநருக்குத்தான்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் வண்டி எடுக்க வருபவரைப் பிடிக்க மட்டும் எந்தக் குப்பியும் கிடையாது!