ஐந்நூறு பேரைப் பயமுறுத்தப் போகும் இரத்தப் பரிசோதனை

சில மாதங்களாக நம் லப்பைக்குடிக்காட்டில் செய்தித்தாளுக்குள் ஒரு விளம்பரத் தாள் செருகி வருகிறது. முழு உடல் பரிசோதனை, அதோடு புற்றுநோயை முன்கூட்டியே அறியும் இரத்தப் பரிசோதனை என்று கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் ஒரு மூளைப் படத்தையும் அச்சடித்திருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அத்தாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே பணம் கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கே ஆள் வந்து இரத்தம் எடுத்துப் போகிறார்.

அரசு மருத்துவமனை லேபில் 32 ஆண்டுகள் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால், "இதை எடுக்கலாமா?" என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். மூளைப் புற்று வருமா வராதா என்று முன்கூட்டியே சொல்லும் இரத்தப் பரிசோதனை இன்று எந்த நாட்டிலும் மக்கள் பயன்பாட்டுக்கு வரவில்லை. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லிக் காசு வாங்குபவர் இல்லாத சரக்கை விற்கிறார்.

அந்தத் தாளில் உள்ள பட்டியலை வாசித்துப் பார்த்தேன். சி.இ.ஏ., சி.ஏ. 19-9, சி.ஏ. 125, ஆண்களுக்கு பி.எஸ்.ஏ. இவை எல்லாம் குடல், கணையம், சூலகம், புராஸ்டேட் சம்பந்தப்பட்டவை. பெரும்பாலும் நோய் உறுதியானவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று கவனிக்கப் பயன்படுபவை. இவற்றில் ஒன்றுகூட மூளையில் வரும் கிளையோமா கட்டியைக் காட்டாது. அப்புறம் அந்த மூளைப் படம் எதற்கு?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவருக்கு சி.இ.ஏ. சற்றுக் கூடுதலாக வந்தது. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது சாதாரணமாகவே கொஞ்சம் கூடியிருக்கும். அவரோ நாற்பது வருடப் பீடிக்காரர். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், திருச்சிக்கு மூன்று நடை. ஒன்றுமில்லை என்று தெரியும்வரை அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

தேடலே பொய் என்று நான் சொல்லவில்லை. தேடல் உண்மையாகவும் பொறுமையாகவும் நடந்துகொண்டிருக்கிறது. நார்வேயில் ஜேனஸ் சீரம் வங்கி என்று ஒன்று உண்டு. 1972 முதல் 2004 வரை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தச் சீரத்தை உறைய வைத்துச் சேமித்தார்கள். பின்னாளில் அவர்களில் யாருக்குப் புற்று வந்தது என்பது அந்த நாட்டுப் புற்றுநோய்ப் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால், நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் அந்த இரத்தம் எப்படி இருந்தது என்று தெரியும்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடித் ஷ்வார்ட்ஸ்பாமும் அவருடைய குழுவினரும் அந்தச் சீரத்தில்தான் தேடினார்கள். ஒவ்வாமை உள்ளவர்களின் இரத்தத்தில் ஐ.ஜி.இ. என்ற பொருள் கூடியிருக்கும். அப்படிப்பட்டவர்களுக்குக் கிளையோமா குறைவாக வந்திருப்பதை 2012இல் எழுதினார்கள். வருடம் முழுக்கத் தும்மிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு ஓர் ஆறுதல்! அடுத்து 277 வகை சைட்டோகைன்களை, அதாவது உடலின் எதிர்ப்பாற்றல் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதங்களை, அளந்தார்கள். நோய் தெரிவதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் அந்தப் புரதங்களுக்கு இடையிலான தொடர்பு தளர்ந்திருந்தது. கூட்டத்தை மொத்தமாகப் பார்க்கும்போது தெரியும் போக்கு இது. தனி ஒருவரின் இரத்தத்தை வைத்து "உனக்கு வரும்" என்று சொல்ல இது போதாது.

நம் பக்கத்திலும் வேலை நடந்திருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் குமாரவேல் சோமசுந்தரம் குழுவினர், நிம்ஹான்ஸ் மருத்துவர்களும் சேர்ந்து, 2015இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 48 சைட்டோகைன்களை அளந்து, அவற்றில் 18ஐ வைத்துக் கிளையோமா நோயாளியின் சீரத்தையும் நலமானவரின் சீரத்தையும் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்தார்கள். நல்ல ஆய்வு. ஆனால் அந்த நோயாளிகளுக்குக் கட்டி ஏற்கெனவே இருந்தது. இருக்கும் கட்டியை அறிவது வேறு, வரப்போவதைச் சொல்வது வேறு.

"90 சதவீதத்துக்கு மேல் சரியென்றால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 சதவீதம் சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனை வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பத்தாயிரம் பேர் உள்ள ஓர் ஊரில் எல்லோருக்கும் எடுக்கிறோம். மூளைப் புற்று ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஐந்து பேருக்கு வருகிறது என்று தாராளமாகவே கொள்வோம். நம் நாட்டுப் பதிவேடுகளில் இதைவிடக் குறைவுதான். அப்படியானால் அந்த ஊரில் இரண்டு ஆண்டுக்கு ஒருவர். ஆனால் நூற்றுக்கு ஐந்து பிழை என்பதால், நோயே இல்லாத சுமார் ஐந்நூறு பேருக்கு "இருக்கலாம்" என்று தாள் வரும். அந்த ஐந்நூறு பேரும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேன் பிடிப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்தால் வாழ்நாள் முழுவதும் தொல்லை தராத சிறு நீர்க்கட்டிகளும் சிலருக்குத் தெரியும். பிறகு அதற்கு ஒரு ஓட்டம். அரிதான நோய்க்கு எல்லோரையும் சோதித்தால் இதுதான் நடக்கும்.

"காசு என் மகனுடையது, முன்னெச்சரிக்கை தப்பா?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். எச்சரிக்கை என்றால் அடுத்து செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அறிகுறி இல்லாதவர்களைச் சோதித்து மூளைப் புற்றைக் கண்டுபிடித்தால் ஆயுள் கூடும் என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபணம் எப்படி இருக்கும் என்பதற்கு நம் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களில் 49,311 பேரைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,343 பேர் வந்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். அழைக்கப்படாத ஊர்களோடு ஏழு ஆண்டுகள் ஒப்பிட்டதில் அந்தப் புற்றால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைவு. 2007இல் லான்செட் இதழில் வந்தது. அங்கே எண்ணியது சாவுகளை. இங்கே எண்ணுவது ரசீதுகளை.

நிரூபணமான அந்தப் பரிசோதனைக்கு நம் வீட்டுப் பெண்களை அனுப்பக் கூச்சப்படுகிறோம். நிரூபணமாகாததற்கு ஜோடியாகப் பணம் கட்டுகிறோம். எனக்கு ஆத்திரமே இதில்தான்.

மூளைக் கட்டிக்கு நம் கையில் இருப்பது அறிகுறிதான். விடியற்காலையில் வாந்தியோடு வரும் புதிய தலைவலி, நாளுக்கு நாள் கூடும் தலைவலி, ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் வலிப்பு, ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழப்பது, பேச்சுக் குழறல், குணமே மாறிப்போவது. இதில் எது வந்தாலும் இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் தாமதமின்றி மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். திடீரென்று வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். நாம் என்ன செய்கிறோம்? வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறோம், தெளிந்ததும் டீ கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறோம்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. அரியலூருக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூர் மாவட்டம் இன்னும் காத்திருக்கிறது. எந்த நேரமும் ஸ்கேன் எடுத்து அதைப் படித்துச் சொல்ல மருத்துவர் இருப்பது நமக்கு ஆயிரம் விளம்பரத் தாளைவிடப் பெரிது. இரத்தப் பரிசோதனை விற்கும் ஒவ்வொரு லேபும் "இந்தப் பரிசோதனை எந்தெந்தப் புற்றைக் காட்டாது" என்று தமிழில் அச்சடிக்க வேண்டும் என ஆணையிட வேண்டும். அதோடு, நார்வேக்காரர்களைப் போல, சம்மதம் வாங்கிக்கொண்டு நம் மக்களின் சீரத்தையும் சேமித்து, புற்றுநோய்ப் பதிவேட்டோடு இணைத்து வைக்க வேண்டும். பலன் வர முப்பது ஆண்டு ஆகலாம். நமக்கு உதவாது, பேரப்பிள்ளைகளுக்கு உதவும்.

அப்படி ஒரு வங்கி தொடங்கினால் முதல் ஆளாகக் கையை நீட்டுகிறேன். அந்த விளம்பரத் தாளுக்கு ஒரு சொட்டும் தர மாட்டேன். நீங்களும் தராதீர்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை பணம் அனுப்பினால், அதில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஒழுங்காகப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.