பெரியவர்களைக் கட்டிலோடு கட்டிப் போடாதீர்கள்!



நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிற கதை இது. முப்பது நாற்பது வருஷம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர். காண்டாவின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க, மேடும் பள்ளமும் ஏறி இறங்கியவர். எழுபது வயதில் நெஞ்சுவலி என்று பெரியாஸ்பத்திரிக்குப் போகிறார். பீடி குடித்த நெஞ்சு, ஏற்கெனவே இளைப்பும் உண்டு. பத்து நாள் கழித்து வீடு திரும்பினால், வாசலிலேயே மகன் சொல்லிவிடுகிறான்: "அப்பா, இனிமே நீங்க ஒண்ணும் செய்யக்கூடாது. தண்ணி வேணும்னாகூட கூப்பிடுங்க, புள்ள கொண்டாந்து குடுப்பான்."

பாசத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். கட்டிலிலிருந்து எழுந்திருக்க ஓர் ஆள் தாங்க வேண்டியிருக்கிறது. குளியலறைக்குப் போய் வந்தாலே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. "இருதயம் ரொம்பக் கெட்டுப் போச்சு போல" என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். பல பேருக்கு இருதயம் முன்பு இருந்தபடியேதான் இருக்கிறது. கரைந்து போனது கால் தசை!

நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சி 2007-ல் வெளிவந்தது. அந்தப் பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை குறைந்தது. நோய் இல்லாதவர்களுக்கே இப்படி என்றால், நோயாளிக்கு என்ன ஆகும்? தளர்ந்த தசை பிராணவாயுவைச் சரியாகப் பயன்படுத்தாது. நாலு எட்டு நடக்கவும் நுரையீரல் அதிகமாக இழுக்க வேண்டும், இருதயம் வேகமாக அடிக்க வேண்டும். மூச்சு வாங்குகிறதே என்று பயந்து மறுபடியும் படுக்கிறார். படுக்கப் படுக்கத் தசை இன்னும் தளர்கிறது.

ஒரு காலத்தில் டாக்டர்களே மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். 1952-ல் லெவின், லவுன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள், நோயாளிகளைச் சீக்கிரமாகவே நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்து, அதனால் நன்மைதான் என்று எழுதினார்கள். வைத்திய முறை மாறிவிட்டது. நம் வீட்டு வழக்கம்தான் இன்னும் மாறவில்லை.

அப்படியானால் நாளைக் காலையே திடலைச் சுற்றி ஓடச் சொல்லலாமா? கூடவே கூடாது. எவ்வளவு செய்யலாம் என்பதைப் பயமும் முடிவு செய்யக்கூடாது, வீம்பும் முடிவு செய்யக்கூடாது. அதற்கென்று படித்தவர் பிசியோதெரபிஸ்ட். டாக்டரோடு கலந்து அவர் அளந்து பார்த்துச் சொல்வார்.

நல்ல பிசியோதெரபிஸ்ட் முதலில் கேட்பது, "ஐயா, உங்களுக்கு என்ன செய்யணும்னு ஆசை?" என்பதுதான். ஒருவர் மாரியம்மன் கோயில் வரை நடக்க வேண்டும் என்பார். தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீட்டில் இருப்பவர் இரண்டு மாடி ஏறினால் போதும் என்பார். பயிற்சி அந்த ஆசையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து ஆறு நிமிட நடை. அளந்து வைத்த நேரான வழியில், தன் வேகத்திலேயே நடக்க வேண்டும். முடியாவிட்டால் நின்று இளைப்பாறலாம். முன்னும் பின்னும் நாடி, இரத்த அழுத்தம், விரலில் மாட்டும் கருவியில் பிராணவாயு எல்லாம் பார்ப்பார்கள். மூச்சு எவ்வளவு வாங்குகிறது என்று 0 முதல் 10 வரை நோயாளியே எண் சொல்ல வேண்டும்.

எதற்காக இத்தனையும்? முதலில் தடுப்பது எது என்று கண்டுபிடிக்கத்தான். பிராணவாயு இறங்கினால் பயிற்சியைச் சின்னச் சின்னதாகப் பிரித்து, நடுவே ஓய்வு கொடுப்பார்கள். நெஞ்சை இறுக்கினால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்புவார்கள். கால்தான் முதலில் சோர்கிறது என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சி. ஒரே நோயாளிக்கு இரண்டு நோயும் இருக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. சில இருதய மாத்திரைகள் நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். அவருக்கு நாடியை மட்டும் எண்ணினால் ஏமாந்து போவோம். அதனால்தான் நோயாளி சொல்லும் எண்ணுக்கு மதிப்பு. வீட்டில் நடக்கும்போது, ரெண்டு வார்த்தை பேச முடிகிற அளவில் மூச்சு வாங்கினால் பொதுவாகச் சரி. பேச்சே வரவில்லை என்றால் அது அதிகம்.

சில நாட்களில் பயிற்சியே வேண்டாம். காய்ச்சல், தலைச்சுற்றல், வழக்கத்தைவிட அதிக இளைப்பு இருந்தால் நிறுத்துங்கள். கால் வீங்கி, மூன்று நாளில் 2 கிலோ எடை கூடினால் உடம்பில் நீர் கட்டுகிறது என்று பொருள். டாக்டரிடம் காட்டுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு வலித்தால் தாமதிக்காமல் 999-க்கு அழையுங்கள்.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது மருந்துப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். "டாக்டர், பிசியோவுக்கு எழுதிக் குடுப்பீங்களா?" என்று கேட்பதில்லை. கேட்டு வாங்கியவர்களும் ஒரு தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். குற்றம் அவர்கள் மேல் இல்லை. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குப் போக வண்டி கிடைக்காது. மகன் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய சம்பளம் போய்விடும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய் வா என்றால் எந்தக் குடும்பத்தால் முடியும்?

ஆகவே கிளைத் தலைவர்கள் இதை நிர்வாகத்திடம் பேச வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஒரு வண்டி விடட்டும். மற்ற நாட்களில் வீட்டில் செய்ய வேண்டியதைப் பெரியவருக்குப் புரிகிற பாஷையில் எழுதித் தரும்படி ஆஸ்பத்திரியில் கேட்போம். இந்தத் தோட்டங்களுக்காக உழைத்துத் தேய்ந்த கால்கள் அவை. ஒரு வண்டி கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே போகணும்னு ஆசையா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி எடுத்துக்கொண்டு, அடுத்த தடவை டாக்டரிடம் போங்கள்.